லவோன் டெக்கர் கோல் வாங்கப் போன கதை

லவோன் டெக்கரும் ஹார்லன் டெக்கரும் விவாகரத்து வாங்கிய மறுநாள் காலை ஒன்றாகத்தான் வேலைக்குப் போனார்கள். ஊரில் சிலர் வாயைப் பிளந்தார்கள். பிளந்து என்ன ஆகப்போகிறது? பக்கத்து ஊர் ஜீலண்டில் ஒரு பல் மருத்துவர் வீட்டில் மூன்று அறைக் கம்பளத்தைச் சுத்தம் செய்து தருவதாக ஒரு மாதத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தார்கள். நீதிமன்றத்தில் வீட்டைப் பிரித்தார்கள், படகைப் பிரித்தார்கள், காபிக் கோப்பைகளைக்கூட ஆளுக்கு ஆறாகப் பிரித்தார்கள். வேனை மட்டும் பிரிக்க வழி தெரியவில்லை. வேனுக்குள் இயந்திரம் தரையோடு தரையாக முடுக்கியிருந்தது. அதை அறுத்தால் இரண்டு பேருக்கும் பழைய இரும்புதான் மிஞ்சும். நீதிபதி கேட்டபோது லவோன், "அது அப்படியே இருக்கட்டுங்க. அதுல எங்களுக்குச் சண்டை இல்ல" என்றாள். உண்மைதான். அந்த வேனில் அவர்கள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை.

சண்டையெல்லாம் வீட்டில்தான். வீட்டுக்குள் காலை வைத்ததும் ஹார்லன் நிலவறைக்கு இறங்கி வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவான். சாப்பிட வா என்றால் "ம்". உப்பு வேண்டுமா என்றால் "ம்". பத்தொன்பது வருஷம் அந்த "ம்"மோடு குடும்பம் நடத்தியவள் லவோன். வேறு யாராக இருந்தாலும் பத்தாவது வருஷமே வானொலியைத் தூக்கி ஏரியில் போட்டிருப்பார்கள். ஆனால் அதே மனிதன் வேலையில் இறங்கிவிட்டால் வாய் மூடமாட்டான். அதற்குக் காரணம் உண்டு, சொல்கிறேன்.

எங்கள் மேற்கு மிச்சிகனில் வீட்டுக்கு வீடு சுவரிலிருந்து சுவர்வரை கம்பளம். படுக்கையறையில், மாடிப்படியில், நிலவறையில், தேவாலயத்தில். ஒரு காலத்தில் குளியலறையில்கூடப் போட்டுவைத்திருந்தார்கள், அந்தக் கொடுமையை என்ன சொல்ல. ஐந்து மாதம் பனி. சாலையில் கொட்டிய உப்பெல்லாம் பூட்ஸோடு உள்ளே வந்து வாசலருகே வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். பனி உருகிய கையோடு எல்லோரும் டெக்கர்களுக்குத் தொலைபேசி செய்வார்கள். வேனில் இருக்கும் இயந்திரம் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஒரு மெல்லிய ஹோஸில் அனுப்பும். இன்னொரு தடித்த ஹோஸ் அழுக்குத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போகும். இரண்டும் வந்து சேரும் இடத்தில், ஆள் கையில் இருப்பதுதான் கோல். தொழில்காரர்கள் வாண்ட் என்பார்கள், நாம் கோல் என்றே வைத்துக்கொள்வோம். வளைந்த எவர்சில்வர் குழாய், அடியில் ஒரு முழம் அகலத்துக்கு வாய், நடுவில் ஒரு கைப்பிடி, விரலுக்கு ஒரு விசை. பார்த்தால் பெரிய சங்கதியாகத் தெரியாது. நாளைக்கு ஆயிரம் தடவை முன்னே தள்ளிப் பின்னே இழுத்துப் பார்த்தால் தெரியும்.

லவோன் பிறந்தது ஹட்சன்வில்லின் கறுப்பு மண்ணில். அப்பா வெங்காயமும் செலரியும் போட்டார். அந்த மண் நகத்தில், காதில், தலையணையில் எல்லாம் இருக்கும். அறுபத்தேழாம் வருஷம் வெங்காயம் நல்ல விலைக்குப் போனது. அம்மா முன்னறையில் கடுகு மஞ்சள் நிறத்தில் நீளநீள நூல் வைத்த கம்பளம் போட்டுவிட்டாள். அன்றைக்குக் குடும்பமே காலுறையோடு ஓரத்தில் வரிசையாக நின்றது. யாருக்கும் மிதிக்க மனசு வரவில்லை. செருப்போடு அதில் நடக்கும் உரிமை போதகர் ஒருவருக்குத்தான். சனிக்கிழமை சாயங்காலம் அம்மா அதற்கென்றே வாங்கிய, பெரிய சீப்பு மாதிரியான வாரியால் கம்பளத்தை வாரிவிடுவாள். ஞாயிறு ஆராதனை முடிந்து காபிக்கு வருகிறவர்கள் அந்தக் கோடுகளைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மனசுக்குள் புகைய வேண்டும். யாரும் இல்லாத நேரத்தில் பதின்மூன்று வயது லவோன் அதில் குப்புறப் படுத்து முகத்தைப் புதைத்துக்கொள்வாள். மண் வாசனையே இல்லாத ஒரு இடம் அந்த வீட்டில் அதுதான். இன்றைக்கும் வேலை முடிந்து ஈர நூலெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கோடு கோடாகக் கிடப்பதைப் பார்த்தால் அவள் வாசலிலேயே நின்றுவிடுவாள். அம்மா போய் முப்பது வருஷம் ஆயிற்று. அந்த மஞ்சள் போகவில்லை.

ஹார்லன் அவளுக்குப் புருஷனாக வந்தது எழுபத்தொன்பதில். நாற்காலித் தொழிற்சாலையில் வேலை. எண்பத்திரண்டில் கும்பலாக ஆட்களை வேலையைவிட்டு அனுப்பியபோது அவனையும் அனுப்பிவிட்டார்கள். அந்த வருஷமே பழைய வேன் ஒன்றை வாங்கினார்கள். கோல் ஹார்லன் கையில், ஹோஸ் லவோன் கையில். ஹார்லன் ஆறடி இரண்டங்குலம். அறையின் நடுவில் நின்றுகொண்டு நான்கு மூலையையும் எட்டுவான் என்று லவோன் வீட்டுக்காரப் பெண்களிடம் பெருமை அடிப்பாள். அவன் இழுத்த கோடுகள் நூல் பிடித்த மாதிரி இருக்கும். மதியம் வேனின் பின்கதவைத் திறந்துபோட்டுக் காலைத் தொங்கவிட்டு, பட்டாணி சூப்பையும் ரொட்டியையும் இரண்டு பேருமாகச் சாப்பிடுவார்கள். இயந்திரத்தின் சூடு முதுகில் படும். எதிரே பனி பெய்துகொண்டிருக்கும். அதைவிட நல்ல மதியச் சாப்பாடு உலகத்தில் யாருக்கும் கிடைத்ததில்லை என்று லவோன் இன்றும் சொல்கிறாள். நான் மறுத்துப் பேசுவதில்லை.

விவாகரத்தாகி ஏழு வருஷம் கழித்து, இரண்டாயிரத்து ஐந்தில், ஹார்லனின் இரண்டு முட்டியும் போயின. அன்றைக்குக் கோல் லவோன் கைக்கு வந்தது, ஹோஸ் அவன் கைக்குப் போனது. இந்த வேலையில் கோல் பிடிக்கிறவர் அறையின் கடைசி மூலையில் தொடங்கிப் பின்பக்கமாகவே நடந்து வாசலுக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் சுத்தம் செய்த இடத்தைத் தானே மிதிக்க நேரும். முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஹோஸைச் சுருட்டிக்கொண்டே பின்னால் வருகிறவன்தான் கண். "விளக்கு, எடப்பக்கம். நேரா வா. நாய் ஒண்ணு படுத்திருக்கு, நில்லு. ம், ஏந்திரிச்சுப் போயிடுச்சு. படி. ஒண்ணு. ரெண்டு." நடுநடுவே சுவரில் இருக்கும் புகைப்படங்களைப் பார்த்துக் கதை வேறு. "இந்த வீட்டுப் பொண்ணு மறுபடி கல்யாணம் பண்ணிட்டா போல. இவன் மூஞ்சியும் சரியில்ல." நிலவறையில் "ம்" போட்ட மனிதன்தான் இப்படி. பதினோரு வருஷம் அந்தக் குரலை நம்பிப் பின்பக்கமாகவே நடந்தாள் லவோன். ஒருமுறைகூட விழவில்லை.

அறுபத்திரண்டாவது வயதில் அவளுடைய வலது தோள் மக்கர் செய்தது. தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, இப்படியே தள்ளினால் மீதியும் கிழியும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஹார்லனும் அவளும் காபி குடித்துக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தார்கள். அக்டோபரில் கிராண்ட் ராப்பிட்ஸில் கம்பளத் தொழிலுக்கான சாமான் கடையில் வருஷாந்தர விழா நடக்கும். புதுக் கோல்கள் எல்லாம் அங்கே வரும். அவள் தோளுக்கு ஒத்துவருகிற கோல் கிடைத்தால் வேலை தொடரும். கிடைக்காவிட்டால் மஸ்கீகன்காரர் ஒருவர் வேனை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார். வேன் போனால் ஹார்லன் அரிசோனாவுக்குப் போய் மகள் ஜோலீனோடு இருந்துகொள்வான். அவள் ஏற்கெனவே அறையைக் காலி செய்து வைத்துவிட்டாள்.

லவோனுக்கு வேலையை விடுவதில் பெரிய வருத்தம் இல்லை. தேவாலயத்தில் தையல் குழு இருக்கிறது, தோட்டம் இருக்கிறது. வேன் போய்விட்டால் ஹார்லன் தன் வாசலுக்கு வர ஒரு காரணமும் இருக்காது என்பதுதான் அவள் பயம். விவாகரத்து செய்தவனிடம் போய் "சும்மா வந்துட்டுப் போ" என்று எப்படிச் சொல்வது? எங்கள் பக்கத்து ஜனங்கள் செத்தாலும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஒரு வேலை இருந்தால் வருவார்கள். அவளுக்கு அவன் வேண்டும். அதற்காக ஒரு நல்ல கோல் வேண்டும். இதுதான் விஷயம்.

விழா அன்று கடையின் பின்பக்கக் கொட்டகையில் கம்பளத் துண்டுகளை விரித்திருந்தார்கள். மேஜைமேல் பெரிய மின்பானையில் பீன்ஸ் சில்லி கொதித்துக்கொண்டிருந்தது; பக்கத்தில் ஆப்பிள் சாறும் டோனட்டும். ஐந்து ஊர்க் கம்பளக்காரர்களும் கூடி, சாப்பிட்டபடியே அவரவர் எடுத்த கறைகளைப் பற்றி அளந்துகொண்டிருந்தார்கள்.

"வாங்கடா, பிரிஞ்சும் பிரியாத ஜோடி வந்தாச்சு!" என்று கத்தினான் பெர்ட் நைஹாஃப். முப்பது வருஷப் போட்டிக்காரன், அதே அளவு பழைய சிநேகிதன். "லவோன், புதுக் கோலா, புதுப் புருஷனா?"

"கோல்தான். புருஷனுக்கு உத்தரவாதம் தரமாட்டேங்கறாங்களே" என்றாள் லவோன். கொட்டகையே சிரித்தது. ஹார்லனும் சிரித்துவிட்டு நேராகப் போய்ப் பளபளவென்று இருந்த ஒரு பெரிய கோலைத் தூக்கினான். தடித்த குழாய், அகன்ற வாய், யானை மாதிரி எடை.

"இதப் பாரு. ஒரே இழுப்புல தண்ணி பூரா போயிடும். வெயிட்டு இருந்தாத்தான் தரையில பதிஞ்சு உக்காரும்."

"எனக்குத் தோள் போயிருக்குப்பா. ஞாபகம் இருக்கா?"

"நான் ஹோஸை நல்லாத் தளர்த்தி விடுறேன். நீ சும்மா புடிச்சாப் போதும்."

லவோன் கோல் வாங்கும் விதம் தனி. விலைச்சீட்டைப் பார்க்கமாட்டாள். முதலில் வாயின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பாள். அடியில் மாட்டியிருக்கும் வழுக்குப் பட்டையைத் தட்டிப்பார்ப்பாள். அது நன்றாக இருந்தால்தான் கோல் கம்பளத்தில் ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கும். பிறகு இயந்திரத்தைப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வாள். வாய் சரியாகப் பதிந்தால் இரைச்சல் சட்டென்று இறங்கும். பதியாவிட்டால் எங்கோ ஓரத்தில் விசில் கேட்கும். கடைசியாக ஈரக் கம்பளத்தில் வெள்ளைக் காகிதத்தைப் போட்டு பூட்ஸால் அழுத்தி, எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பாள். பெர்ட்கூட அவள் பார்த்துமுடிக்கட்டும் என்று காத்திருந்துதான் வாங்குவான், கேட்டால் ஒத்துக்கொள்ளமாட்டான்.

பெரிய கோலின் இரைச்சல் அழகாக இறங்கியது. காகிதம் நனையவே இல்லை. ஆனால் மூன்றாவது இழுப்பில் தோளிலிருந்து முழங்கை வரை சுரீர் என்றது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நான்காவதும் இழுத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக் கீழே வைத்தாள். முகம் வெளுத்திருந்தது. ஹார்லன் அதைப் பார்த்தான், பார்க்காதவன் போல டோனட்டை எடுத்தான்.

கோல் செய்கிற கம்பெனியிலிருந்து கெண்ட்ரா என்று ஒரு பெண் வந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல பேச்சுக்காரி. "அம்மா, இதை ஒரு தடவை பாருங்க" என்று டைட்டானியத்தில் செய்த கோல் ஒன்றை எடுத்தாள். "பாதி வெயிட்டுதான். மெல்லிசு ஹோஸ் போதும். ஒரே ஆள் ஓட்டிடலாம், பின்னாடி இன்னொரு ஆளே வேண்டாம்."

"ஆள் வேண்டாமா?" என்றான் ஹார்லன்.

"வேண்டவே வேண்டாம் சார். உங்களுக்கும் சம்பளம் மிச்சம்."

"கேட்டுக்கோ" என்று லவோன் பக்கம் திரும்பினான். குரல் விளையாட்டாகத்தான் இருந்தது. கையிலிருந்த டோனட்டை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டான். "ஜோலீனுக்கு போன் பண்ணி டிக்கெட்டப் போடச் சொல்லிடறேன்."

அப்போதுதான் லவோனுக்கு உறைத்தது. எடையுள்ள கோல், தடித்த ஹோஸ், இரண்டு ஆள் வேலை. வருஷக்கணக்காக மனுஷன் எதற்காகக் கனமான கோலுக்கே மல்லுக்கட்டினான் என்று இப்போது புரிந்தது. கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. லேசான கோலைக் கையில் வாங்கினாள்.

"இருங்க, இருங்க" என்றாள் கெண்ட்ரா. ஆலன் கீயை எடுத்துக் கைப்பிடியின் இரண்டு திருகையும் தளர்த்தி, ஒரு சாண் கீழே இறக்கி முடுக்கினாள். "கை நீட்டுனபடி இடுப்புக்குக் கீழ இருக்கணும். இப்பத் தள்ளுங்க."

லவோன் தள்ளினாள். இழுத்தாள். மறுபடி தள்ளினாள். வேலையை இடுப்பு செய்தது, தோள் சும்மா கூட வந்தது. பத்து இழுப்பு, இருபது இழுப்பு. வலி இல்லை. இரைச்சல் இறங்கிச் சமமாக நின்றது. காகிதம் ஓரளவு நனைந்தது; அதைத் தண்ணீர் விடாமல் இன்னொரு முறை இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

"இப்ப நீங்க எதை வெச்சு வேலை செய்யறீங்க? கொண்டாங்களேன், பாக்கலாம்" என்றாள் கெண்ட்ரா. பெர்ட்டே ஓடிப்போய் டெக்கர்களின் வேனிலிருந்து பழைய கோலைக் கொண்டுவந்தான். கெண்ட்ரா அதை லவோனின் கையில் கொடுத்து நிற்க வைத்தாள். கைப்பிடி லவோனின் நெஞ்சு உயரத்தில் நின்றது. தோள் காதுப்பக்கம் ஏறியிருந்தது.

"அம்மா, இது யாருக்கு வெச்ச கைப்பிடி? நீங்க அஞ்சடி மூணு இருப்பீங்க. இது ஆறடிக்கு மேல இருக்கற ஆளுக்கு வெச்சது. எத்தன வருஷமா இப்படி?"

"பதினொண்ணு."

"ஐயோ. அதான் தோள் போயிருக்கு. ரெண்டே ரெண்டு திருகும்மா. ஒரு நிமிஷ வேலை!"

எல்லோரும் ஆறடி இரண்டங்குலத்தைப் பார்த்தார்கள். ஹார்லனின் கழுத்து சிவந்தது.

"முட்டிய ஆபரேஷன் பண்ணிட்டு மறுபடி நானே புடிக்கலாம்னு இருந்தேன்" என்றான். யாரிடம் சொல்கிறான் என்று தெரியவில்லை. "மொத வருஷம் அப்படித்தான் நெனச்சேன். எறக்கிட்டா என் கோல் இல்லேன்னு ஆயிடுமேன்னு... அப்புறம் எறக்கட்டுமான்னு கேக்க வெக்கமாப் போச்சு. லவோன், எனக்குப் புத்தி இல்ல. ஒன் தோளப் பாக்கவே இல்ல நான்."

கெண்ட்ராவுக்குப் பாவமாகிவிட்டது. "இத்தன வருஷத்துல ஒருத்தருமே உங்ககிட்ட சொல்லலியேம்மா."

"யாரும் சொல்லணுமா?" என்றாள் லவோன். "வருஷா வருஷம் ஜனவரியில இதப் பிரிச்சுத் தொடைக்கறது நான்தான். கைப்பிடிய என் கையாலதான் கழட்டறேன். இங்க பாரு, குழாயில ஒரு கீறல் இருக்கா? அது நான் போட்டது. எடம் மாறிடக் கூடாதுன்னு. அதே கீறல்லதான் திரும்ப மாட்டுவேன்."

"எதுக்கு?"

லவோன் அந்தக் கீறலைக் கட்டைவிரலால் தடவினாள். "அவன் வந்து புடிச்சா அவனுக்குச் சரியா இருக்கணுமில்ல."

எங்கள் பக்கத்தில் பொது இடத்தில் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள். எல்லோரும் அவரவர் சில்லிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹார்லன் கெண்ட்ராவின் கையிலிருந்து ஆலன் கீயை வாங்கினான். லவோனையும் லேசான கோலையும் ஈரக் கம்பளத்தின் நடுவில் நிற்க வைத்தான். "அவ அவசரத்துல வெச்சிருக்கா. சரியா அளந்து வெக்கணும்" என்று முணுமுணுத்தபடி, முதலில் ஒரு முட்டி, பிறகு மற்ற முட்டி என்று மெல்ல மெல்ல மண்டி போட்டான். எலும்பு நொடித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

பெர்ட்டுக்கு இதற்குமேல் பொறுக்கவில்லை. "ஹார்லன்! மண்டி போட்டது போட்டுட்ட, அப்படியே கேட்டுத் தொலச்சுடேன்!"

"ஒருதடவ கேட்டது போதும். போய் சில்லியத் தின்னு" என்றான் ஹார்லன், நிமிராமல். அவளுடைய கையைப் பிடித்துத் தொங்கவிட்டு, விரல் முடியும் இடத்துக்குக் கைப்பிடியைக் கொண்டுவந்து திருகை முடுக்கினான். முடுக்கிக்கொண்டே அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினான்.

"திங்கக்கெழம டீ யாங் வீடு. நாலு ரூமு, ஒரு மாடிப்படி. இந்த ஹோஸ் லேசுதான், ஆனா படிக்கு ஒரு ஆள் வேணும்."

"வேணும்" என்றாள் லவோன்.

"மஸ்கீகன்காரன்கிட்ட இல்லேன்னு சொல்லிடறேன். ஜோலீன்கிட்டயும் நானே பேசிக்கறேன். கோவிச்சுக்குவா."

"கோவிச்சுக்கட்டும்."

"உயரம் சரியா இருக்கா பாரு."

லவோன் ஒருமுறை தள்ளி இழுத்தாள். கைப்பிடி அவளுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. கெண்ட்ரா வைத்ததைவிட விரற்கடை கீழே, மிகச் சரியாக. வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்ததைத் துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் கோலில் இருந்தது. அவன் இப்போது நிமிர்ந்தால் பார்த்துவிடுவான்.

"இன்னும் கொஞ்சம் கீழ எறக்கு" என்றாள். ஹார்லன் குனிந்தபடியே திருகைத் தளர்த்தினான்.